ஏரி மண்ணால் அடைத்த ஓடை

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று தை மாதம் முழுக்கக் காத்திருந்தேன். அடங்குவதாகத் தெரியவில்லை. சரி, கோபத்தோடேயே எழுதுகிறேன். என்னுடையது மெதுவான எழுத்து. ஒரு பக்கம் முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் ஆட்டைப் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கும். யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையின் காலடியில் இருக்கிறது. சின்னசேலம் போகிற டவுன் பஸ் எங்கள் ஊரில் நின்றுதான் போகும். ஊருக்கு ஓர் ஏரி. அந்த ஏரிக்கு மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஓர் ஓடை. ஏரிக்குக் கீழே நாற்பது ஐம்பது குடும்பத்துக்கு நஞ்சை நிலம். அதில் கடைசி மடையில் முக்கால் ஏக்கர் என்னுடையது. இவ்வளவுதான் எங்கள் ஊரின் பூகோளம். இந்த நாலு வரியை எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் கோபம் அதில்தான் ஆரம்பிக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் அங்கே சத்துணவு சமைத்தவள் நான். ஒருநாளும் சோறு குழைந்தது என்றோ, சாம்பார் தண்ணீராக இருந்தது என்றோ யாரும் சொன்னது கிடையாது. சொல்ல விட்டதும் கிடையாது. என் கையால் சாப்பிட்டவர்கள் போலீஸில் இருக்கிறார்கள், நர்சாக இருக்கிறார்கள், கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கிறார்கள். இந்தக் கதையில் வருகிற பூகோள வாத்தியாரும் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்தான். எங்கள் ஊர்க்காரர். முட்டை போடுகிற நாளில் வரிசையில் இரண்டு தடவை நிற்பார். படித்து, பட்டம் வாங்கி, அதே பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தபோது எனக்கு எவ்வளவு பெருமை! "இன்னா சார், முட்டை இருக்குது, இன்னொண்ணு வேணுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். சிரித்தார். நல்ல மனிதர்தான். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

நான் மூன்றாவது வரைதான் படித்தேன். அதற்கு மேல் படித்ததெல்லாம் சமையல் கொட்டகையில்தான். கேஸ் அடுப்பு வருவதற்கு முன்னால், வருடக் கடைசியில் பிள்ளைகளின் பழைய புத்தகங்களை அடுப்பு பற்றவைக்கக் கொண்டுவந்து போடுவார்கள். பற்றவைப்பதற்கு முன் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்ப்பேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். சமூக அறிவியல் என்று ஒரு தடிப்புத்தகம் வரும். அதில் சரித்திரப் பக்கங்கள் கசங்கி, மை படிந்து, ஓரம் மடங்கியிருக்கும். ராஜாக்களுக்கு மீசை வரைந்திருப்பார்கள். பூகோளப் பக்கங்கள் மட்டும் கடையில் வாங்கினது போல மொடமொடவென்று இருக்கும். யாரும் புரட்டாத பக்கங்கள். வருடா வருடம் இப்படித்தான். அந்தப் பக்கங்கள் நன்றாக எரியும்.

கொட்டகைக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவில் ஒரே சுவர். பாடம் எல்லாம் காதில் விழும். பூகோள வகுப்பு இப்படி நடக்கும்:

"மேப்பு அஞ்சு மார்க்கு. பத்து எடம் சொல்றேன், அத மட்டும் மனப்பாடம் பண்ணிக்கினு வா. இந்த மூலைல ஒரு புள்ளி, அந்த மூலைல ஒரு கோடு. ஜாஸ்தி யோசிக்காத."

"சார், நம்ம ஊரு எங்க சார் இருக்குது இதுல?"

"நம்ம ஊர எவன்டா கேக்கப்போறான்? கேள்வில வராது. உக்காரு."

பொங்கலுக்குப் பிறகு அந்த வகுப்பும் இருக்காது. கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பூகோள வாத்தியாரும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்.

ஒரு வருடம் பத்தாம் வகுப்பை மலைமேல் இருக்கிற கரியாலூருக்குக் களப்பயணம் கூட்டிப் போனார்கள். எலுமிச்சம் சாதமும் உருளைக்கிழங்கும் செய்து எடுத்துக்கொண்டு நானும் வேனில் போனேன். தினம் வீட்டு வாசலில் நின்று பார்க்கிற மலைமேல் அன்றைக்குத்தான் முதல் தடவை ஏறினேன். படகில் ஏறிச் சுற்றினார்கள். அருவிக்குப் போனோம். பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு என் முக்கால் ஏக்கர் ஞாபகம் வந்துவிட்டது. வாத்தியாரிடம் கேட்டேன்.

"இந்தத் தண்ணி எங்க சார் போவுது?"

"கீழ போவுது ஆயா. பின்ன மேலயா போவும்?"

பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பூகோளம் படித்தவரிடம் கேட்ட கேள்வி அது. அவர் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அங்கே ஒரு மலைக்காரப் பெண் அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். அவளிடம் போய் அதே கேள்வியைக் கேட்டேன்.

"நீ எந்த ஊரும்மா?" என்றாள். சொன்னேன்.

"அப்ப இந்தத் தண்ணி ஒனக்கு இல்ல. இது இந்தப் பக்கமா எறங்கிப் போயிடும். அதோ தெரியுது பாரு ஒரு முகடு, அதுக்கு அந்தாண்ட பேயறதுதான் ஒங்க ஓடைக்கி. ஒரே மழைதான், முகட்டுல விழுந்து ரெண்டாப் பிரியும். அங்க காலைல பேஞ்சா பொழுது சாயறதுக்குள்ள ஒங்க ஏரிக்கி வந்துடும். கீழ வெயிலு காஞ்சிக்கினு இருந்தாலும் வரும்."

கையை நீட்டி அவள் காட்டினது எனக்கு அப்படியே விளங்கிவிட்டது. அந்த முகடு, அதிலிருந்து இறங்குகிற மடிப்பு, அந்த மடிப்பு போய்ச் சேருகிற பக்கம், தூரத்தில் புகை மாதிரி எங்கள் ஊர். ஓடிப்போய் வாத்தியாரைக் கூப்பிட்டேன்.

"புள்ளைங்கள இப்பிடி கூட்டியாங்க சார். இந்தம்மா சொல்றத கேட்டுக்கினு போவட்டும்."

"வேன்காரன் கத்தினுகிறான் ஆயா. ரிப்போர்ட்டுக்கு குரூப் போட்டோ எடுக்கணும், டைம் ஆயிடுச்சி."

பேனரைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். போட்டோ எடுத்தார்கள். இறங்கிவிட்டோம். கிழங்கு வாங்கினது நான் ஒருத்திதான்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நடந்ததுதான் பெரிய அநியாயம். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதமாட்டேன்.

பள்ளிக்கூடத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்த்த வேண்டுமானால் விளையாட்டு மைதானமும் சுற்றுச்சுவரும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டி இடம் எதுவும் இல்லை, ஓடை ஒன்றைத் தவிர. மூன்று நாலு வருடமாகச் சரியான மழை கிடையாது. ஓடையில் கருவேல முள் மண்டிக் கிடந்தது. ஆடு மேய்க்கிறவர்கள்தான் போவார்கள். அதே சமயத்தில் ஏரியைத் தூர் வாரினார்கள். வெட்டின மண்ணை எங்கே கொட்டுவது என்று ஊரில் ஒரே பேச்சு. கிராம சபையில் ஒருவர் எழுந்து, "அந்த மண்ண எடுத்து இந்தப் பள்ளத்துல கொட்டினா மைதானம் ஆயிடுச்சி, இதுக்கு இன்னாத்துக்குப் பேச்சு?" என்றார். ஊரே கைதட்டியது. கட்டாயப்படுத்தி யாரும் பிடுங்கவில்லை. வெளியூர்க்காரன் வந்து ஏமாற்றவில்லை. நாங்களே டிராக்டர் கொடுத்தோம், நாங்களே டீசல் போட்டோம். ஏரியை ஆழமாக்கின மண்ணைக் கொண்டுவந்து, அந்த ஏரிக்குத் தண்ணீர் வருகிற வழியை நாங்களே அடைத்தோம். இப்படி ஒரு வேலையை உலகத்தில் வேறு எந்த ஊராவது செய்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு ஒரு விழா வேறு. "பூமியைக் காப்போம்" என்று பெரிய பேனர். மலைப் பக்கமும் ரோட்டுப் பக்கமும் சுவர் எழுப்பி, மூடின ஓடையின் மேல் வரிசையாக மரக்கன்று நட்டார்கள். பூகோள வாத்தியார் மைக்கைப் பிடித்து நிலையான வளர்ச்சி என்றால் என்ன என்று பேசினார். வரப்போகிற பிள்ளைகளுக்கும் மிச்சம் வைத்துவிட்டு இன்றைக்குப் பிழைப்பதுதான் அது என்று புத்தகத்தில் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். அந்தப் பாடத்தை நானும் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். நல்ல பாடம். அதை அவர் எதன் மேல் நின்றுகொண்டு பேசினார் என்பதுதான் விஷயம்.

அன்றைக்குக் கேசரி நான்தான் கிண்டினேன். கூப்பிட்டார்கள், போனேன். மலைக்காரப் பெண் கையை நீட்டிக் காட்டினது என் கண்ணிலேயே நின்றது. வாத்தியாரைத் தனியாக ஓரங்கட்டிக் கேட்டேன்.

"சார், இது ஓடையாச்சே?"

"தண்ணி வந்து எத்தினி வருஷம் ஆவுது ஆயா? செத்துப்போன ஓடை அது. நீங்க போயி மேடைல உக்காருங்க. உங்களுக்கு சால்வை போடறதா புரோகிராம்ல போட்டுகிறோம்."

மேடையில் நாற்காலி. எனக்கு. முப்பது வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே இருந்தவளுக்கு நாற்காலி. போய் உட்கார்ந்துவிட்டேன். சால்வையைப் போட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன். ஊரில் மற்றவர்கள் தெரியாமல் செய்த தப்பு. நான் தெரிந்தே செய்த தப்பு. அந்தச் சால்வையை இதுவரைக்கும் ஒருநாள்கூட நான் போர்த்தியது கிடையாது.

போன ஐப்பசியில் ஒரு நாள். நல்ல வெயில். ஊரில் ஒரு தூறல் கிடையாது. நான் வயலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். ஏரிக்கரையில் நூறு நாள் வேலைப் பெண்கள் முள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் என்னவோ இரைச்சல். பார்த்தால் சுற்றுச்சுவருக்கு வெளியே தண்ணீர். செம்மண் நிறத்தில், நுரையும் சருகுமாக, சுவரில் வந்து முட்டி நிற்கிறது.

"வாட்டர் டேங்கு ஒடைஞ்சிடுச்சிடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

"டேங்குத் தண்ணி இந்த நெறத்துலயாடி வரும்? மலைத் தண்ணிடி இது!" என்றேன்.

"வெயிலு இந்தக் காய் காயுது, மலைத் தண்ணி எங்கருந்து ஆயா வரும்?"

"மலைல பேஞ்சிகிது. வேற எங்கருந்து வரும்?"

தண்ணீர் சுவரில் முட்டி ஏறியது. ஏறி, வழி கிடைக்காமல் இடது பக்கம் திரும்பியது. சுவரோரமாகவே ஓடி, ரோட்டில் ஏறி, ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்து, சின்னசேலம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், சுவரைத் தாண்டி மைதானம். மைதானத்தைத் தாண்டி, இன்னும் சுவர் எழுப்பாத பக்கத்தில் எங்கள் ஏரி, தூர் வாரின குழிகளோடு காய்ந்து கிடக்கிறது. நாலு வருடம் கழித்து வந்த தண்ணீர். அதுவும் மலைத் தண்ணீர் அரை நாளுக்கு மேல் ஓடாது. ஏரி நிறைந்தால் ஊருக்கு ஒரு போகம் நெல். போய்விட்டால் ஒன்றும் இல்லை.

"கடப்பாரை யாருகிட்டடி இருக்குது?" என்றேன்.

"ஆயா, அது பள்ளிக்கூடத்துச் செவுரு!"

"தெரியுது, குடு."

ஹாலோ பிளாக் சுவர். முதல் குத்திலேயே ஓட்டை விழுந்துவிட்டது. நாலாவது குத்துக்கு என் தோள் போய்விட்டது. அதற்குள் இரண்டு பேர் வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் மண்வெட்டியோடு மைதானத்தின் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் இழுத்தார்கள். ஏரி வண்டல்தானே, பொலபொலவென்று இருந்தது. தண்ணீர் உள்ளே புகுந்ததும் நாங்கள் வெட்ட வேண்டிய வேலை கம்மி ஆகிவிட்டது. அதுவே அரித்துக்கொண்டு போனது. மரக்கன்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

பூகோள வாத்தியார் ஓடி வந்தார்.

"ஆயா! இன்னா பண்றீங்க? கவர்மெண்ட் செவுரு இது! கேஸ் ஆயிடும்!"

அதுவரைக்கும் அவரை எல்லார் முன்னாலும் சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வாயில் வரவில்லை.

"ஓடை மட்டும் உங்கொப்பன் வூட்டுதாடா? அதுவும் கவர்மெண்டுதான்டா! செத்துப்போன ஓடைன்னியே, இப்ப எழுந்து வந்து நிக்குது, பதில் சொல்லு!"

பிள்ளைகள் எல்லாம் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். பெஞ்சின் மேல் ஏறி ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். அவர் திரும்பி அவர்களைப் பார்த்துக் கத்தினார். "கிளாசுக்குப் போங்க! எல்லாம் உள்ள போங்க!"

சுவரை உடைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவர் 'உள்ளே போங்கள்' என்று சொன்னபோது வந்த கோபம் இருக்கிறதே, அதுதான் இன்னும் அடங்கவில்லை. முகட்டிலிருந்து கிளம்பி, மடிப்பில் இறங்கி, நாலு வருடம் கழித்து வழி தெரிந்து வந்திருக்கிறது தண்ணீர். அந்தப் பிள்ளைகளின் கண் முன்னால் ஓடுகிறது. ஐந்து நிமிடம் பார்க்க விட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

விசாரணைக்கு ஆபீசர் வந்தார். சுவரை இடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். மற்ற பெண்களும், "நாங்களும்தான்" என்றார்கள். கிராமப் படத்தைக் கொண்டுவரச் சொல்லி, மேஜைமேல் விரித்தார். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. வாத்தியார்தான் எட்டிப் பார்த்தார். அவர் விரல் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து, ஏரிக்குப் போய், திரும்பி, மலைப் பக்கம் போனது. அவர் முகம் மாறினதை நான் பார்த்தேன்.

"இருக்குதா சார் ஓடை?" என்று கேட்டேன். மறுபடியும் சார் என்றுதான் கூப்பிட்டேன்.

"இருக்குது ஆயா. நெம்பரோட இருக்குது."

"எங்க இருந்துது இத்தினி நாளா இந்தப் படம்?"

ஆபீசர்தான் பதில் சொன்னார். பள்ளிக்கூடத்தை உயர்த்தச் சொல்லிப் போட்ட மனுவோடு இணைத்திருந்த படம்தானாம். பள்ளிக்கூடத்திலும் ஒரு நகல் இருக்கிறதாம். அதை எடுத்து, மடித்து, உறையில் போட்டு அனுப்பியதே பூகோள வாத்தியார்தானாம். விரித்துப் பார்க்கவில்லை. உலகப் படத்தில் எங்கேயோ இருக்கிற நதிக்கெல்லாம் கோடு போடச் சொல்லிக்கொடுக்கிறவர், தன் கையில் இருந்த படத்தில், தான் ஆடு மேய்த்து வளர்ந்த ஓடையைத் தேடவில்லை. தேடவேண்டும் என்று அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேஸ் எதுவும் போடவில்லை. உடைத்த இடத்தில் இரண்டு சிமெண்ட் குழாய் வைத்து, மேலே திரும்பவும் சுவர் எழுப்பிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மலையிலிருந்து மரக்கட்டையும் புதரும் சேர்ந்து வரும், இந்தக் குழாயில் எப்படி நுழையும் என்று கேட்டேன். "எஸ்டிமேட் இவ்ளோதான்மா" என்றார்கள்.

ஏரி பாதிதான் நிறைந்தது. பாதித் தண்ணீர் ரோட்டோடு போய்விட்டது. தலை மடைக்காரர்களும் நடு மடைக்காரர்களும் நட்டார்கள். கடை மடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. என் முக்கால் ஏக்கருக்கு வரவில்லை. அதை அடுத்து வாத்தியாருடைய அப்பாவின் நிலம் இருக்கிறது. அதற்கும் வரவில்லை.

மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் வாத்தியார் ஏரிக்கரைக்கு வந்தார். நான் மதகுக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா பேசறதில்ல ஆயா, எங்கிட்ட."

"நானாயிருந்தா ஒதைச்சிருப்பேன்."

"அடுத்த வருஷம் புள்ளைங்கள ஓடையோட கூட்டிக்கினு போலாம்னுகிறேன். ஏரில இருந்து மலை வரைக்கும். படத்த கைல குடுத்து."

"அடுத்த வருஷம் எதுக்கு? நாளைக்கே கூட்டிக்கினு போங்களேன். இப்ப தண்ணி வந்த தடம் ஈரமா இருக்குது. அடுத்த வருஷம் அதுல முள்ளு மொளைச்சிடும்."

"நாளைக்குக் கணக்கு டெஸ்டு ஆயா. என் பீரியட கேட்டுகிறாங்க."

"குடுத்துட்டியா?"

குனிந்து செருப்பில் ஒட்டின சேற்றைத் தேய்த்தார். கொடுத்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். ஆட்டை ஓட்டிக்கொண்டு நான் கீழே இறங்கிவிட்டேன். கார்த்திகைத் தூறலில் என் நிலத்து மண்ணில் இருக்கிற ஈரம் போவதற்குள் உளுந்தாவது தெளிக்க வேண்டும். மறுநாள் விடியற்காலையில் தெளித்தேன். முளைத்திருக்கிறது, ஆனால் திட்டுத் திட்டாகத்தான்.